மலைக் குளிரும் மதுக் கோப்பையும்

(கொடைக்கானலில் கூடிய நமது சங்கத்தின் மலைக்கிளைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

   

மதுவினால் இளைஞர்க்கு நேரும் கேடுகளைப்பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் எனக்குப் பணித்தார்கள். யான் வைத்தியனல்லன், பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் பாடஞ் சொல்லி ஓய்வு பெற்றவன். பிள்ளைகளோடு நெடுங்காலம் பழகிய பழக்கமும், கற்றறிந்தோரிடம் கேட்டுணர்ந்த சில செய்திகளும், என் சொந்தக் குற்றம் ஒன்றின் நினைவுமே இம்மேடையில் நிற்க எனக்குள்ள தகுதிகளாம். அக்குற்றம் இன்னதென்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

நாம் கூடியிருக்கும் இம்மலைத்தொடர் பேகன் ஆண்ட நாட்டைச் சேர்ந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன், மயிலொன்று குளிரால் நடுங்குகின்றதென எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது நம் சிறு குழந்தைகளும் அறிந்த வரலாறு. குளிர்ந்த உயிருக்கு அவன் போர்வை கொடுத்தான், கள்ளைக் கொடுத்தானல்லன். அக்காலத்தில் கள் இல்லாமலில்லை. சங்கச் செய்யுட்கள் கள்ளுண்டு களித்தலை ஒளிவு மறைவின்றிப் பேசுகின்றன. ஆயினும் குளிருக்கு மருந்து போர்வையே என்பதை அவ்வள்ளல் அறிந்திருந்தான். அவனுடைய மலையிலே வாழும் நாமோ, "குளிருக்குக் கொஞ்சம்" என்று சொல்லிக் கோப்பையை நீட்டுகின்றோம். சமவெளியிலிருந்து வருகிறவரும் மலையேறியவுடன் இவ்வொரு வாசகத்தையே கற்றுக்கொள்கின்றனர். ஆதலின் இப்பொய்யை முதற்கண் ஆராய்வோம்.

கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிவதை ஆண்டுதோறும் காண்கிறோம். விடியற்காலையில் மேல்மலைப் பூண்டு வயலுக்குச் செல்பவனுக்கும், ஏரிக்கரையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கும் குளிர் வெறும் பேச்சன்று. மது அருந்தியவுடன் தேகம் சூடேறுவதாக அவன் உணர்வதும் உண்மையே. அச்சூடு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

குளிர் தாக்கும்போது நம் உடம்பு தோலின் கீழுள்ள இரத்தக்குழாய்களைச் சுருக்கி, இருதயம், மூளை முதலிய உறுப்புக்களுக்காகச் சூட்டை உள்ளே காத்து வைக்கிறது. மதுவோ அக்குழாய்களை விரித்துவிடுகிறது. உள்ளிருந்த சூடான இரத்தம் தோலை நோக்கி ஓடி வருகிறது; முகம் சிவக்கிறது; குளிர் அகன்றதாகத் தோன்றுகிறது. மெய்யாக நடப்பது என்னவெனின், நடு இரவில் வீட்டுக் கதவுகளை யெல்லாம் திறந்து வைத்துக் கணப்பின் சூட்டைத் தெருவுக்கு அனுப்புவது போன்ற காரியமே. சிறிது நேரத்தில் உட்சூடு குறைகிறது. நடுக்கம் என்பது தசைகள் அசைந்து சூட்டை உண்டாக்கும் இயற்கை ஏற்பாடு. அதனையும் மது அடக்கிவிடும். குடித்துவிட்டுத் திறந்த வெளியில் படுத்தவன் விடியுமுன் விறைத்துப்போவதற்குக் காரணம் இதுவே. ஆகவே மற்றெவரினும் மதுவுக்கு அஞ்ச வேண்டியவர் மலைநாட்டாரே யாவர். அங்ஙனமிருக்க, மலையையே காரணமாகக் காட்டிக் குடிப்பது எத்துணைப் பேதைமை!

அடுத்து, அளவைப்பற்றி ஒரு சிறு கணக்கு. கடையில் "குவார்ட்டர்" என்று கேட்டு வாங்குகின்ற 180 மில்லி லிட்டர் புட்டியில் நூற்றுக்கு 42.8 பங்கு மதுச்சத்து உண்டு. எடையிற் பார்த்தால் அஃது ஏறக்குறைய 60 கிராம். சாதாரண மனிதனுடைய கல்லீரல் மணிக்கு 7 அல்லது 8 கிராம் அளவே எரித்துக் கழிக்க வல்லது. ஆகவே ஒரு புட்டி முற்றிலும் கழிய எட்டு மணி நேரம் வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் குடித்து முடித்தவன், காலை ஐந்து மணிக்குக் காய்கறி லாரியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு மலைப்பாதையில் இறங்குவானாயின், "ஓர் உறக்கம் போட்டுவிட்டேன், தெளிந்துவிட்டது" என்று அவன் நினைக்கலாம். அவன் இரத்தத்தில் மது இன்னும் இருக்கும். கடுங்காப்பியோ, எலுமிச்சஞ் சாறோ, தலையில் ஊற்றும் பச்சைத் தண்ணீரோ கல்லீரலை ஒரு நிமிஷமேனும் விரைவுபடுத்தா. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுவிருக்க வண்டி ஓட்டுதல் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாகும். முதல் முறைக்கே ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சட்டத்திற்காவது சாட்சி வேண்டும். கொண்டையூசி வளைவுக்குச் சாட்சி வேண்டியதில்லை.

மது எல்லார்க்குந்தானே கேடு, இளைஞரை மட்டும் ஏன் தனியே எடுத்துப் பேசவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். காரணம் சொல்கிறேன். விளைவை எண்ணிப் பார்ப்பதும், ஆத்திரத்தை அடக்குவதும், "வேண்டாம்" என்று மறுப்பதும் மூளையின் முற்பகுதியின் தொழில்களாம். அப்பகுதி ஏறக்குறைய 25 வயதுவரையில் முதிர்ந்துகொண்டே வருகிறது. இன்பத்தை நாடித் துள்ளும் பகுதியோ அதற்கு நெடுநாள் முன்னரே விழித்துக்கொள்கிறது. காளை துள்ளத் தொடங்கிவிட்டது, மூக்கணாங்கயிறு இன்னும் ஏறவில்லை என்று சொல்லலாம். அந்தப் பருவத்தில் ஊற்றப்படும் மது, வளர்கின்ற மூளையிலேயே பழக்கத்தைப் பதித்துவிடுகிறது. அமெரிக்காவில் பல்லாயிரவரை விசாரித்து 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், பதினைந்து வயதுக்கு முன்னரே குடிக்கத் தொடங்கியவருள் நூற்றுக்கு நாற்பதின்மர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையானமை தெரியவந்தது. இருபது வயதுக்குமேல் தொடங்கியவருள் அவ்வாறானோர் நூற்றுக்குப் பதின்மரே.

"அளவோடு குடித்தால் நல்லது" என்னும் பேச்சும் நிலைபெறவில்லை. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத அளவு என்று மதுவில் எதனையும் குறிப்பிட இயலாதென உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் தெளிவாகக் கூறிற்று. அந்த ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988-ஆம் ஆண்டிலேயே மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. நம் இந்திய சர்க்காருக்காக நடத்தப்பெற்று 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடி. அவருள் தீங்கான அளவிலோ அடிமை நிலையிலோ குடித்து உதவி வேண்டி நிற்பவர் 5 கோடியே 70 லட்சம். திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைத்தாரல்லர். பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே 93-ஆம் அதிகாரமாக வைத்தார். பாவம் என்று அச்சுறுத்துவதினும், குடும்பத்தின் பொருளையும் மானத்தையும் அரிக்கும் கறையான் என்று காட்டுவதே பயன்தரும் என அவர் கருதினார் போலும்.

இனி, சர்க்கார் செய்ததையும் சற்று நினைவுகூர்வோம். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாக இருக்கையில், அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்திவருகின்றது. 2023-24-ஆம் ஆண்டில் மதுவினால் சர்க்காருக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கடைகளை மூடக்கோரியவர்களும் உண்டு. சேலத்துக் காந்தியர் சசிபெருமாள் அவ்வறப்போராட்டத்திலேயே 2015 ஜூலை 31-இல் உயிர்நீத்தார். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தால் 60 பேருக்கு மேல் மாண்டனர். மெத்தனால் உடம்பினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையும் உயிரையும் போக்குவது. வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் என்ற குறி தோன்றியவுடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், ஒளிக்கலாகாது.

"கடையைத் திறந்தால் குடி, மூடினால் கள்ளச் சாராயம்" என்னும் வாதத்தைச் சட்டசபையில் இருப்போர் தீர்க்கட்டும். நம் சங்கத்தில் நாம் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி வேறு. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவனுக்குக் கடையில் மது விற்றலாகாது என்பது விதி. அவ்வாறாயின், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்கு முதற் கோப்பை எங்ஙனம் வந்தது? இவ்விடத்தில்தான் என் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கீழ்மலை ஊரொன்றில், நம்மவர் வீட்டில் ஒரு சாவு. இறந்தவர் எனக்கு உறவினர். காப்பியும் மிளகும் மலைவாழையும் பயிரிட்ட சிறு தோட்டக்காரர். அவருடைய ஒரே மகனுக்கு அப்பொழுது வயது பதினாறு. என்னிடம் படித்த பிள்ளை. தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு திண்ணையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துக்கத்துக்கு வந்தவர்களுக்காகப் புட்டிகள் வந்திருந்தன. அஃது அவ்வூரின் வழக்கம். பையனுடைய தாய்மாமன், தீய எண்ணம் சிறிதுமில்லாத நல்ல மனிதர், ஒரு குவளையில் ஊற்றி, "குடி மாப்பிள்ளை, குளிரும் தெரியாது, துக்கமும் தெரியாது" என்று நீட்டினார். பையன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான். யான் தடுப்பேன் என்று பார்த்தானோ, அனுமதி வேண்டிப் பார்த்தானோ, இன்றுவரை அறியேன். சாவு வீட்டில் சச்சரவு எதற்கென்று யான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன். என் தோளிலே அப்பொழுது ஒரு கம்பளிச் சால்வை கிடந்தது.

கருமாதிக்குள் அவன் இன்னும் இரண்டு முறை குடித்தான். அடுத்த பொங்கலுக்குத் தானே கேட்டு வாங்கினான். பத்தொன்பதாவது வயதில் தினந்தோறும் என்றாயிற்று. டிரைவர் வேலை போயிற்று. தோட்டத்திற் பாதி ஒத்திக்குப் போயிற்று. இருபத்துநான்காம் வயதில் கல்லீரல் வீங்கிக் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கச் சென்றேன். அவன் தாய் அழவில்லை. "ஐயா, கடைக்காரனை நொந்து என்ன பயன்? முதலில் ஊற்றிக் கொடுத்தது நம் வீட்டுக் கைதானே!" என்றாள். முப்பதாண்டு பாடஞ் சொன்ன எனக்கு அச்சொல்லுக்கு விடை தெரியவில்லை. அப்பிள்ளை இறக்கவில்லை. சிகிச்சை பெற்றான், ஒருமுறை தவறினான், மறுபடியும் பெற்றான். இது மூன்றாம் ஆண்டு, தொடாமலிருக்கிறான். அவனுடைய சம்மதத்தின்மேல்தான் இதனைச் சொன்னேன். பெயரை யாரும் கேட்கவேண்டா.

இப்பொழுது சட்டத்தைக் கேளுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு, வைத்தியர் உத்தரவின்றி, மது கொடுப்பவனுக்கு ஏழாண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடைக்காரனுக்கு ஒரு சட்டம், மாமனுக்கு ஒரு சட்டம் என்றில்லை.

ஆதலின் இக்கூட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, நம்மவர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, சாவு ஆகிய எந்த நிகழ்ச்சியிலும் மது வழங்குவதில்லை என இக்கிளை தீர்மானிக்கவேண்டும். வழங்காத வீட்டைக் கருமி என்று ஏசுகிற வாயையும் அதனோடு அடக்கவேண்டும். அவ்வேச்சுக்கு அஞ்சியே கடன் வாங்கிப் புட்டி வாங்கியவர் பலர். இரண்டாவது, துக்க வீட்டுக்குச் செல்பவர் இனி ஒரு கம்பளியோ, ஒரு கூஜா சுக்குக் காப்பியோ கொண்டு செல்லட்டும். குளிரும் உண்மை, துக்கமும் உண்மை. அவற்றிற்குரிய மருந்தைக் கொடுப்போம். மூன்றாவது, ஏற்கெனவே குடிக்கு அடிமையானவனை விலக்கி வைத்து அவமதிக்கும் வழக்கத்தை விட்டு, அவனை நோயாளியாகக் கருதி வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.

இம்மூன்றாவது விஷயத்தில் தாய்மார்கள் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளவேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், பிதற்றல், இல்லாததைக் காணல், வலிப்பு ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயலாதீர்கள். ஆஸ்பத்திரியில் மருந்தோடு நிறுத்துங்கள். அவனறியாமல் சோற்றிலும் குழம்பிலும் பொடி கலந்து கொடுக்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் சில மருந்துகள், உண்டவன் மேலும் மது அருந்தினால், இரத்த அழுத்தத்தை வீழ்த்திக் கொல்லவும் கூடும். குடித்து நினைவிழந்து கிடப்பவனை மல்லாத்திப் போடாமல் ஒருக்களித்துக் கிடத்தி, போர்வை போர்த்தி, தனியே விடாமல், 108-க்குத் தகவல் கொடுங்கள். போதையிலிருந்து மீள விரும்புவோர்க்கு 14446 என்னும் எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி உதவி கிடைக்கும்.

மீள முடியுமா என்று மனந்தளர வேண்டா. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், வீட்டில் முடங்கிவிடாமல், 1980-இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, எண்ணிறந்த குடும்பங்களை மீட்டார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடிநோயாளர் இருவர் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவு இன்று நம் நாட்டிலும் நடைபெறுகின்றது. மருந்து பாதி, மனிதத் துணை பாதி என்பதே இவர்கள் காட்டிய வழி.

வாலிபர்களே! உங்களுக்கு ஒரு வார்த்தை. குடிப்பது ஆண்மை என்று உங்கள் தோழன் சொல்வானாயின், பத்துப்பேர் நடுவில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். காரணம் சொல்லவேண்டிய கடன் உங்களுக்கில்லை; "வேண்டாம்" என்பதே முழு வாக்கியம். பெரியவர் நீட்டினாலும் மறுக்கலாம். அது மரியாதைக் குறைவாகாது. முன்னரே தொட்டுவிட்டவர்கள் எங்களிடம் அஞ்சாமல் வந்து சொல்லுங்கள். இனி முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன் என்று என்னளவில் இச்சபையறிய உறுதி கூறுகிறேன்.

முடிவாக ஒன்று. நீலகிரியில் 2022 முதல், உயர்நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, மதுப்புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால் அப்பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு நடந்துவருகின்றது. காட்டில் எறிந்த கண்ணாடி விலங்குகளின் காலைக் கிழிக்காதிருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. காலிப் புட்டி வீடு திரும்ப ஒரு வழி செய்துவிட்டோம். புட்டியைக் காலி செய்த பிள்ளை வீடு திரும்ப வழி செய்யவேண்டியவர் யார்? சர்க்காரும் உண்டு, வைத்தியரும் உண்டு. ஆயினும் முதலில் ஊற்றிய கைக்கே முதற் கடமை.

அன்று என் தோளிற் கிடந்த சால்வையை அப்பிள்ளைக்குப் போர்த்த ஒரு நொடி போதும். அதைச் செய்யாததற்கு எட்டாண்டுகள் ஒரு குடும்பம் விலை கொடுத்தது. பேகன் மலையில் பிறந்த நமக்கு, குளிரில் நடுங்குவோர்க்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. தீர்மானத்தை இன்றே நிறைவேற்றித் தருமாறு சபையோரைப் பணிவுடன் வேண்டுகின்றேன்.